அர்சூலா டால்பர்ட் கேட்காத மன்னிப்பு

தலைமை ஏற்றிருக்கும் போதகர் அவர்களே, முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கும், சபையை நடத்தும் டீக்கன்மார்களே, வெள்ளை உடையில் ஒளிரும் சபைத் தாய்மார்களே, சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் சபையின் ஆண்டு விழாவுக்கு ஊர் தேடி வந்திருக்கும் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வெளியே கோழி பொரியும் வாசம் வருகிறது. சுருக்கமாகவே பேசுவேன். யாரது, “போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க” என்பது? உண்மைதான் ஐயா, பொறுத்தருளுங்கள்.

முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நம் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கிணறு இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் பள்ளியில் குழாய் இருந்தது. நம் கை அதில் படக்கூடாது. பருத்தி எடுத்து முடிவதற்குள் தண்ணீர் வராவிட்டால் பள்ளியை மூடுவோம் என்றது மாவட்ட வாரியம். கிணறு வெட்டத் தெரிந்த லோன்சோ டால்பர்ட்டோ, அந்த வசந்தத்தில்தான் நம் சபைக் கல்லறைக்குப் போயிருந்தார். ஆனால் பதினாறு ஆண்டுகள் அவருக்கு மேலே நின்று ராட்டினம் சுற்றிய கை யாருடையது? மண்ணின் நிறம் பார்த்தே ஊற்றின் தூரம் சொன்ன கண் யாருடையது? அவர் மனைவி அர்சூலாவுடையது!

பாவாடை கயிற்றில் சிக்கும் என்று, கணவரின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார் அந்த அம்மாள். கிணற்றடிக்கு ஓடிவந்தார் டீக்கன் பரல்.

“தங்கச்சி, மேல வந்துடு! பொம்பளை இறங்குனா ஊத்து ஓடிப் போயிடும்!”

“ஊத்துக்குக் கண்ணா இருக்கு, அண்ணே? எட்டிப் பாக்காதீங்க, மண்ணு என் தலையில கொட்டுது!”

சிரிக்கிறீர்கள். நாற்பத்தோராவது அடியில் ஊற்று ஓடிப் போகவில்லை, ஓடி வந்தது! பள்ளி பிழைத்தது.

பாராட்டினார்களா? இல்லை. அடுத்த சபைக் கூட்டத்திலேயே குற்றச்சாட்டு: ஆணின் உடை அணிந்தார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று குற்றத்தைச் சொல்லி வருந்த வேண்டும். மறுத்தால் சபையிலிருந்து பெயர் நீக்கப்படலாம். நீக்கப்பட்டவருக்கு நம் கல்லறையில் இடமில்லை. லோன்சோவின் பக்கத்தில் தனக்கென்று அர்சூலா விட்டுவைத்த ஆறடி மண்ணும் போய்விடும்.

“தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லேன், தங்கச்சி” என்றார் பரல்.

“இறங்கினேன், சொல்றேன். கால்சட்டை போட்டேன், சொல்றேன். தப்புன்னு மட்டும் என் வாயில வராது.”

கேட்ட கதையை அப்படியே நம்பும் வழக்கம் எனக்கில்லை. சபைக் குறிப்பேட்டைத் திறந்தேன். நீக்கினார்களா? இல்லை. மன்னித்தார்களா? அதுவும் இல்லை! பரலின் கையெழுத்தில் இருக்கிறது: “சகோதரி டால்பர்ட் வருந்தவில்லை. வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டது.” அடுத்த மாதமும் அதே வரி. அர்சூலா கண்மூடும் வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், மாதம் தவறாமல் அதே வரி!

ஏன்? ஒருவரை நீக்க ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளையின் தகப்பன் எந்தக் கையை உயர்த்துவான்? அது அன்பா, வெட்கமா, வெறும் தயக்கமா? எனக்குத் தெரியாது. மாதந்தோறும் அவர் வந்து உட்கார்ந்தார், வருந்தாமல் வீடு திரும்பினார் என்பது மட்டும் தெரியும். லோன்சோவின் பக்கத்தில்தான் இன்று உறங்குகிறார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. மன்னித்து முடித்துவிடலாமா என்று போதகர் கேட்டார். அர்சூலாவின் மகள் வெர்டெல்லிடம் கேட்டேன். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். என்ன சொன்னார் தெரியுமா?

“எங்கம்மா எப்ப உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா, நீங்க குடுக்கறதுக்கு?”

ஆகவே அன்பர்களே, சகோதரி டால்பர்ட் வருந்தவில்லை என்றும், வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறது என்றும் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் உண்டா?

அடேயப்பா, இத்தனை கைகளா! எழுதிக்கொள்ளுங்கள், போதகரே. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. போய்ச் சாப்பிடுங்கள், வணக்கம்.