வராத வலிப்புக்கு மருந்துச் செலவு

பற்பசை தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஐயா. குழாயைக் கத்தரியால் பிளந்தால் உள்ளே இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்றுதான் கடனை அடைத்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

கடன் என்னுடையதுதான். நண்பனோடு சேர்ந்து அலங்கார மீன் கடை வைக்கிறேன் என்று வங்கியில் வாங்கினேன். ஒரே வாரத்தில் மீன்கள் செத்தன, நண்பன் காணாமல் போனான். மீன்களாவது மிதந்து காட்டின. வசூலுக்கு வந்தவர்கள் மனைவியின் முன்னால் என்னை ஒருமையில் பேசியபிறகு, வீட்டுச் செலவு முழுவதையும் நானே கையில் எடுத்துக்கொண்டேன்.

எதையும் ஒரேயடியாக நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் வீடே சண்டைக்கு வரும். கொஞ்சம் குறைப்பேன், யாரும் முகம் சுளிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம். பாலில் தண்ணீர் அப்படித்தான் ஏறியது. சலவைத்தூள் அப்படித்தான் இறங்கி, கடைசியில் துணிகளை வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தோம். மனைவி ஒருநாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னங்க, மாடு குளிச்சிட்டு நேரா வந்துடுச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். குறைப்பது எவ்வளவு அலுப்பான வேலை தெரியுமா, ஐயா. எங்கே பார்த்தாலும் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதாகவே படும்.

மச்சான்தான் எனக்குப் பெரிய துணை. மனைவியின் தம்பி, அச்சகத்தில் வேலை, எங்களோடுதான் இருந்தான். பள்ளி நாட்களில் வலிப்பு வந்துகொண்டிருந்ததாம். மாத்திரை தொடங்கியபிறகு ஒருமுறைகூட வரவில்லை. என் கடனுக்காகப் பேருந்தை விட்டுவிட்டு சைக்கிளில் போக ஆரம்பித்தான். "நடந்தா செருப்பு தேயும் மாமா, அதுக்கும் நீங்கதான் அழுவீங்க" என்றான்.

ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்போம் இல்லையா? அவன் மாத்திரையை நான் அப்படித்தான் பார்த்தேன். வராத நோய்க்கு மாதாமாதம் மருந்து. மாதச் சாமான்களோடு அதையும் நான்தான் வாங்கி அவன் குப்பியில் நிரப்புவேன். தூள் அடைத்த கேப்சூல். பாதித் தூளை எடுத்துவிட்டு மாவைச் சேர்த்து மூடினேன். எடுத்த பாதியை அடைக்க வெற்றுக் கூடுகள் கடையில் மலிவாகக் கிடைத்தன, பாதி மாத்திரை வாங்கினாலே மாதம் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் மருந்தைக் கால் பங்காக்கினேன். அதற்கப்புறம் மாவு மட்டும். நன்றாகச் சலித்துத்தான் போட்டேன். அவனுக்கு வயிறு சட்டென்று கெட்டுவிடும்.

மாத்திரைக்கான பணத்தைச் சம்பள நாளில் அவனே என்னிடம் கொடுத்துவிடுவான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது நேராகக் கடன் தவணைக்குப் போனது. தவணைக்கு என்று கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். கேட்கத்தான் எனக்குக் கூச்சம்.

ஒரு காலையில் அவன் கையிலிருந்து தட்டு விழுந்தது. சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு என்னைத் தனியே அழைத்தான்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா. பழையபடி வருதோன்னு இருக்கு. டாக்டரப் பாத்துட்டு வரட்டுமா?"

டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்ப்பார். உடம்பில் மருந்தே இல்லை என்பது தெரிந்துவிடும். தூக்கம் போதவில்லை, சீக்கிரம் படு என்றேன். சரி மாமா என்று போய்ப் படுத்துக்கொண்டான். நான் சொன்னால் கேட்பான். மாதம் பிறந்ததும் அசல் மாத்திரையே வாங்கிவிடலாம் என்றிருந்தேன். மாதம் பிறக்க இன்னும் நாள் இருந்தது.

அந்த வாரமே, பாலத்து இறக்கத்தில், சைக்கிளோடு லாரிக்கு முன்னால் விழுந்தான். லாரி ஓட்டுநர் உங்கள் காவலில்தான் இருக்கிறார் என்று கேள்வி. அவர்மேல் தப்பில்லை.

எல்லோரும் விபத்து என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் என் மனைவி என்னிடம் சிக்கனம் பழகியவள். குப்பியில் மிச்சமிருந்ததை வீணாக்க மனமில்லாமல், அதே நோய்க்கு அதே மருந்து சாப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் திருப்பி வாங்க ஓடினேன். பெண்ணின் அப்பா கதவைப் பாதிதான் திறந்தார்.

"செத்தவன் மாத்திரையக்கூட விட மாட்டீங்களா சார்? அதையும் வித்துக் காசாக்கணுமா?"

கெட்டுப்போன மாத்திரை என்றேன். நம்பவில்லை. கெட்டுப்போன எதையும் நான் தூக்கி எறிந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வேறு வழி தெரியாமல், "அது வெறும் மாவுங்க" என்றேன். என்ன மாவு என்று கேட்டார். மருந்தை எடுத்துவிட்டு மாவை அடைத்ததைச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் எங்கள் வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

ஆமாம் ஐயா, என் மச்சானைக் கொன்றது நான்தான். ஆனால் அந்தப் பெண் பிழைத்திருப்பதும் என்னால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபிறகு அவன் அக்காவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.