பாதிப் பானை

ஒருத்திக்கு மட்டும் சமைப்பது சிரமம், கண்ணு. உப்பு ஒரு நாள் தூக்கும், ஒரு நாள் இறங்கும். நீங்கள் காக்கி உடுப்பில் இருந்தாலும் வீட்டில் ஆக்கிப் போடுகிறவர்தானே, உங்களுக்குத் தெரியாததில்லை.

பனியன் ஏற்றுமதி வேலையாக வெளிநாடு போன என் மகன் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கி வந்தான். காலையில் எல்லாவற்றையும் போட்டுவைத்தால் கரண்டிலேயே மெதுவாக வெந்து, சாயங்காலம் குழம்பு தயாராக இருக்கும். பத்துப் பேருக்குக் காணும். "இனி நீங்க அடுப்படியில நிக்க வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். எனக்கு மட்டும் கொஞ்சமாக வைத்துப் பார்த்தேன். அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. போனில் கேட்டதற்கு, பாதிப் பானைக்குக் குறையக் கூடாது என்றான். பாதிப் பானையை நான் ஒருத்தி எப்படித் தின்பது?

அதனால்தான் நதியாவைக் கூப்பிட்டேன். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், நான் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டில் குடியிருந்தவள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை முடிந்ததும் நேரே என்னிடம்தான் வருவாள்.

"யம்மா, இது சட்டியா, கல்யாண வீட்டு அண்டாவா?"

"பேசாம தின்னு கண்ணு. குச்சியாட்டம் இருக்கற."

"தின்னு தின்னு வாசல்ல நுழைய முடியாமப் போச்சுன்னா நீங்கதான் செவுத்த இடிக்கணும்."

அவள் எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கேட்பதற்காகவே நான் மசாலா அரைத்தேன்.

பிறகு அவள் புருஷன் இசக்கிமுத்துவுக்குப் பொங்கலூர் மில்லில் வேலை கிடைத்தது. அவன் முன்னால் போய் வீடு பிடித்தான். இவள் சாமான் கட்டத் தொடங்கினாள்.

அந்த வருஷம் கரண்ட் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கோழிக்குழம்பு வைத்திருந்தபோது பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. குழம்பு அரைவேக்காடாக, வெதுவெதுப்பாகவே கிடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பல்வலியால் சாப்பிடவும் இல்லை. அவள் சாப்பிட்டாள். வாந்தி, பேதி. என் கட்டிலில் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். "எங்கம்மா கூட இப்படிப் பாத்ததில்லம்மா" என்றாள். பயணம் தள்ளிப்போனது. சொல்லவே கூசுகிறது, அந்த நாள்களில்தான் என் வீடு வீடாக இருந்தது.

தேறியதும் மறுபடி மூட்டை கட்டினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் கோழி வாங்கினேன். அன்றைக்கும் கரண்ட் போய்விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மூடியைத் திறந்ததும் வாடை வந்தது. புளியும் பட்டையும் கூட்டிப் போட்டேன்.

"புளிப்புத் தூக்கலா இருக்கேம்மா."

"பஸ்ஸுல கொமட்டாம இருக்கட்டும்னு வெச்சேன் கண்ணு."

பிடிக்காமலே தின்றாள். "நீங்க ஆக்குனத மிச்சம் வெக்க மனசு வரல" என்றாள்.

இந்தத் தடவை கஞ்சி உள்ளே தங்கவில்லை. அடுத்த வீட்டு ரோஸ்மேரி ஆட்டோ கூப்பிடவா என்று கேட்டாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்தினேன். போன தடவை தேறினாளே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இசக்கிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவ மாதிரி பாத்தீங்களே" என்று அழுதான். அதைத் தாங்க முடியாமல்தான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

அன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை, கண்ணு. சுவிட்சை நான்தான் அணைத்தேன்.