ஆற்றைத் தாண்டாத டப்பாக்கள்

– செல்லாது.

– இதுவுமா?

– இதுவும்தான் அண்ணி. ஆத்துக்கு அந்தப் பக்கத்துச் சட்டத்துல இந்தப் பெயிண்ட் டப்பாவுக்கு இடமே இல்ல. ஓரமா வெச்சிடுங்க.

– நல்லாப் பாத்தியா? இது சாதாரண பிரைமர். துரு பிடிக்காம இருக்க அடியில அடிக்கறது. இது செல்லாதுன்னா அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் துருப் பிடிச்சேவா ஓடுது?

– அது எனக்கெப்படித் தெரியும்? நான் சட்டத்தைத்தான் படிக்கறேன், வண்டியை இல்ல.

– சரி, படி. இந்தப் பக்கம் என்ன சொல்லுது, அந்தப் பக்கம் என்ன சொல்லுது, ரெண்டையும் படி. நான் இந்தக் கார் கதவைத் தேய்ச்சுக்கிட்டே கேக்கறேன்.

– இந்தப் பக்கம்... "பிரைமர் என்பது, மேல்பூச்சு ஒட்டுவதற்காகவும் துருவைத் தடுப்பதற்காகவும் வெறும் உலோகத்தின் மேல் முதலில் அடிக்கப்படும் எதுவும்."

– எதுவும்! தாராள மனசு. அந்தப் பக்கம்?

– அவங்க பிரைமரை மூணா உடைச்சிட்டாங்க. உலோகத்தைக் கவ்விப் பிடிக்கறது ஒண்ணு, பள்ளத்தை நிரப்பறது ஒண்ணு, மேல் பெயிண்டுக்கு மெத்தை போடறது ஒண்ணு. மூணுக்கும் மூணு அளவு.

– என்ன அளவு?

– அதான் அண்ணி, ஒரு லிட்டர்ல எவ்வளவு தின்னர் ஆவியாகிக் காத்துல போகலாம்ங்கற அளவு. நம்ம டப்பா மூணு வேலையும் சேத்துச் செய்யுது. எதுல கொண்டு போய்ச் சேப்பாங்க? எதுலயும் சேராது.

– மூணு வேலையும் ஒருத்தியே செஞ்சா உக்கார இடம் கிடையாது. அப்படியே என் நிலைமை.

– அண்ணி, உங்களை யாரு மூணு வேலை வாங்கினது?

– உன் அண்ணன்தான். நீ படி... இரு, இரு. முதல்ல கலர் அடிச்ச இந்தத் தகரத் துண்டைக் கொண்டு போய் வாசல் வெளிச்சத்துல பாரு. அந்தக் காரோட சாம்பல் கலருக்குச் சரியா இருக்கா?

– ம்... இல்ல. நீலம் கொஞ்சம் தூக்குது. ஒரு சொட்டுக் கறுப்பு விடுங்க.

– ஒரு சொட்டா, ரெண்டா?

– ஒண்ணரை.

– ஒண்ணரைச் சொட்டு! எந்தச் சட்டத்துல இருக்கு அந்த அளவு? சரி விடறேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

– அண்ணி, சாப்பாட்டு நேரத்துக்கு ஃபோன் வரும்னீங்களே.

– வரும்.

– அந்தப் பக்கத்துல இடம் தர்ற கொட்டகைக்காரர் என்ன கேப்பாரு?

– ஒரே வார்த்தைதான். வர்றீங்களா, இல்லையா? நம்ம டப்பா சாமானெல்லாம் அங்க செல்லும்னா கடையைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போறோம். செல்லாதுன்னா போய் என்ன பிரயோஜனம்? அதுக்குத்தானே உன்னைப் படிக்கச் சொன்னேன்.

– பெரிய கொட்டகை, இல்ல?

– பெரிசு. பெயிண்ட் அடிக்கத் தனியா பூத் இருக்கு. கதவைச் சாத்திட்டா புகையெல்லாம் மேல இழுத்துக்கும். அங்க நின்னு அடிச்சா மூக்குல ஒண்ணும் ஏறாது.

– இங்க மாதிரி பக்கத்து வீட்டுக்காரங்களும் சண்டைக்கு வர மாட்டாங்க.

– இங்க மாதிரி நீயும் வர மாட்டே.

– நான் எப்படி அண்ணி வருவேன்? அவருக்கு வேலை இங்க. பசங்க பள்ளிக்கூடம் இங்க. ரெண்டு பஸ் மாறி வந்து போக முடியுமா? நீங்களும் அண்ணனும் போங்க. எனக்கொண்ணும் இல்ல.

– ஒண்ணும் இல்லையா?

– ஒண்ணும் இல்ல. அடுத்த டப்பாவை எடுங்க.

– டப்பாவை விடு. இந்தக் கதவு இருக்கே, கையில, இதைக் கழட்டி வெச்சுத்தானே அடிக்கறோம். இது அங்க செல்லுமா?

– செல்லாது.

– அட! கதவே செல்லாதா?

– இந்தப் பக்கம் வாகனம்னா வண்டியும் அதோட கழட்டின பாகமும். அந்தப் பக்கம் "சாலையில் தானே ஓடக்கூடியது"ன்னு மட்டும் போட்டிருக்கு. கழட்டின கதவு தானா ஓடுமா? அப்ப அது வண்டியில்ல.

– வண்டியில்லைன்னா அது என்ன, பீரோவா?

– உலோகச் சாமான். அதுக்கு வேற சட்டம், வேற பெயிண்ட்.

– அப்ப மாட்டியே அடிச்சுக்கறேன். மாட்டின கதவு வண்டிதானே?

– அது... மாட்டின கதவு... மாட்டினா வண்டிதான்.

– அப்பாடா, ஒரு கதவாவது தப்பிச்சுது. இப்ப கிளியருக்கு வா. கடைசியில பளபளப்புக்கு அடிக்கறோமே, அது.

– கிளியர்... செல்லாது.

– நீ இன்னும் பக்கத்தையே திருப்பல.

– திருப்பிட்டேன் திருப்பிட்டேன். இந்தப் பக்கம் ஆவியை டப்பாவுல இருக்கும்போது கணக்குப் பண்றாங்க. அந்தப் பக்கம், இறுகறதுக்கு விடற ஹார்ட்னரும் தின்னரும் கலந்து ஸ்ப்ரே கன்னுல ஊத்தின பிறகு பண்றாங்க. கலந்தா கூடும்ல?

– டப்பாவுல இருக்கற வரைக்கும் நல்ல பிள்ளை, கன்னுக்குள்ள போனா கெட்ட சகவாசமா?

– சட்டம் அப்படித்தான் சொல்லுது.

– ரொம்பக் கறாரான சட்டம்தான். உன் அண்ணனோட அந்த ஓட்டை வேனுக்குக் கூடவா இரக்கம் காட்டாது? பழைய வண்டிக்கெல்லாம் விலக்கு உண்டுன்னு கேள்விப்பட்டேனே.

– இந்தப் பக்கம் வயசு ஆனாப் போதும், விலக்கு. அந்தப் பக்கம் வயசும் ஆகணும், கண்காட்சிக்கு வெக்கற மாதிரி பேணிப் பாதுகாத்தும் இருக்கணும்.

– அப்ப உன் அண்ணனுக்கே விலக்குக் கிடைக்காது.

– அண்ணி! அவரை ஏன் வம்புக்கு இழுக்கறீங்க?

– வயசு ஆயிடுச்சு. பேணிப் பாதுகாத்தது யாரு? நான்தான். சரி போகட்டும், அதையும் வேண்டாம்னே வை. இதுவரைக்கும் பாத்ததுல ஒரு டப்பாவாவது ஆத்தைத் தாண்டுச்சா?

– ... இல்ல.

– ஒண்ணுக்குக் கூடவா நீச்சல் தெரியல?

– நான் என்ன பண்றது அண்ணி? இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க. கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியுது.

– ம்... கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். அது சரிதான்.

– ஏன் சிரிக்கறீங்க?

– சிரிக்கல. தூசி. ஆமா, நேத்து நீ கணக்கெழுதிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் வந்தாரே...

– டேப் வெச்சுப் பின்சுவரை அளந்தாரே, அவரா? நானே கேக்கணும்னு இருந்தேன். யாரு அவரு?

– யாரா இருக்கும்னு நீ நினைக்கறே?

– கட்டடத்துச் சொந்தக்காரர் அதுக்குள்ள வேற ஆளுக்கு வாடகைக்குப் பேசிட்டாரு போல. என் மேஜை இருக்கற அறையைத்தான் ரொம்ப நேரம் அளந்தாரு. மனுஷன் இன்னும் இடத்தைக் காலி பண்ணல, அதுக்குள்ள... எனக்கு வயிறு எரிஞ்சுது அண்ணி.

– ஒண்ணும் இல்லைன்னியே?

– ஒண்ணும் இல்லதான். வயிறு மட்டும் எரிஞ்சுது.

– ஹா... ஹக்... ஹக்...

– பாருங்க, சிரிச்சு இருமல் வந்துடுச்சு. தண்ணி குடிங்க. மாஸ்க் போடாம ஏன் தேய்க்கறீங்க?

– ஹக்... மாஸ்க் போட்டா உன்கிட்ட எப்படிப் பேசறது?

– மெதுவாக் குடிங்க. ராத்திரியும் இப்படித்தான் இருமறீங்களாமே. அண்ணன் சொன்னாரு.

– அவருக்கென்ன, குறட்டைக்கு நடுவுல எதுவோ காதுல விழுந்திருக்கும். எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பிளெண்டர் டப்பாவை எடு. அது ஒண்ணுதான் பாக்கி.

– அண்ணி... டாக்டர் என்ன சொன்னாரு?

– என்ன சொல்வாரு? திறந்த இடத்துல நின்னு அடிக்காதீங்க, பூத்துக்குள்ள அடிங்கன்னாரு. நீ பிளெண்டரைப் படி. புதுசா அடிச்ச இடத்துக்கும் பழைய பெயிண்டுக்கும் நடுவுல கோடு தெரியாமக் கலக்க, ஓரத்துல அடிப்போமே. இந்தப் பக்கம் அதுக்குத் தனிப் பேரே இருக்கு. அந்தப் பக்கம்?

– இருங்க, முதல்லேருந்து திருப்பிப் படிக்கறேன்.

– என்ன, எழுத்துத் தெரியலையா? கண்ணாடி வேணுமா?

– செல்லும்.

– என்னது?

– செல்லும் அண்ணி. இது செல்லும். எல்லாமே செல்லும்.

– எல்லாமேன்னா?

– அலமாரியில இருக்கற எல்லா டப்பாவும். பிரைமரை மூணா உடைச்சது நிஜம். ஆனா அதுக்குக் கீழேயே, "ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்வதாயின் தாராளமான அளவே பொருந்தும்"னு இருக்கு. அதை நான் படிக்கல. கழட்டின பாகத்துக்கு அடுத்த பக்கத்துல தனி வரி இருக்கு. அதையும் படிக்கல. கிளியரைக் கன்னுல கலந்து அளந்தாலும் நம்மது உள்ளதான் வருது. கூட்டிப் பாத்துட்டேன். பிளெண்டருக்குத் தனிப் பேர் இல்ல, ஆனா "மற்றவை"ன்னு ஒரு வரி இருக்கு, அதுல தாராளமாப் போகும். நான்... பாதி பாதியாப் படிச்சேன்.

– ஏன்?

– ஏன்னு கேக்கறீங்க பாருங்க.

– கேக்கறேன். சொல்லு.

– நீங்க போயிட்டா நான் யார்கூட அண்ணி பேசறது? காலையில வந்து இந்த ஷட்டரைத் தூக்கினா எனக்கு மனசு லேசாகும். வேற எங்கயும் அப்படி இல்ல. அதான். ஆனா நீங்க இப்படி இருமறதைக் கேட்டுக்கிட்டு என்னால இனி ஒரு டப்பாவைக் கூடச் செல்லாதுன்னு சொல்ல முடியாது. போங்க. பூத் இருக்கு, உடம்பு நல்லாயிருக்கும். அந்தாள் ஃபோன் பண்ணினா வர்றோம்னு சொல்லிடுங்க.

– முடிஞ்சுதா?

– முடிஞ்சுது. திட்டுங்க.

– எதுக்குத் திட்டணும்? செல்லும்னு எனக்குப் போன வாரமே தெரியும்.

– என்ன?

– நாலு டப்பாவைப் பையில போட்டுக்கிட்டுக் கொட்டகையைப் பாக்கப் போனேன்ல? அப்படியே அந்தப் பக்கத்து ஆபீஸுக்கும் போனேன். அங்க ஒரு அம்மா ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, எல்லாம் சரிதான், எப்ப கடை போடறீங்கன்னு கேட்டாங்க.

– அட, அப்புறம் ஏன் காலையிலேருந்து என்னைப் படிக்க விட்டீங்க? செல்லாது செல்லாதுன்னு நான் கத்தக் கத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க!

– ரசிச்சுக் கேட்டேன். கழட்டின கதவு தானா ஓடாதுன்னியே, அந்த இடம் பிரமாதம்.

– அண்ணி!

– பின்ன என்ன? "போகாதீங்க அண்ணி"ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல மாட்டியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ என்னடான்னா ரெண்டு ஊர் சட்டத்தையும் கூப்பிட்டு வந்து அதுங்க வாயால சொல்ல வெக்கறே. மூக்கைத் தொட இப்படியா சுத்தி வளைக்கறது? கடைசியில வாயைத் திறந்தா, போங்கன்னு சொல்றே.

– உடம்பு முக்கியம் அண்ணி.

– ஊர்ல நாத்தனாரும் அண்ணியும் எப்படா பிரிவோம்னு இருப்பாங்க. நமக்கு வாய்ச்சதைப் பாரு. கண்ணைத் துடை, தாள் நனையுது. கலர் துண்டைக் கொடு, கறுப்பு விட்டாச்சு. இப்ப எப்படி இருக்கு?

– ... சரியா இருக்கு. கண்ணு கலங்கியும் தெரியுது, சரியா இருக்கு.

– அந்தக் கொட்டகை பூத்துக்குள்ள சும்மா ஒரு தகரத்துல அடிச்சுப் பாக்கக் கொடுத்தாங்க. நல்ல வெளிச்சம். புகையே இல்ல. அடிச்சு முடிச்சுட்டுப் பழக்கத்துல, சரியா இருக்கான்னு திரும்பிக் கேட்டேன். கொட்டகைக்காரர் முழிக்கறாரு. சூப்பருங்கறாரு. அவருக்கென்ன தெரியும், நீலம் தூக்குதா, கறுப்புக் குறையுதான்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

– அங்கயும் யாராவது பழகிடுவாங்க அண்ணி.

– பழகுவாங்க... ஃபோன் அடிக்குது பாரு.

– ஐயோ, அவர்தான். எடுங்க.

– கை முழுக்கப் பெயிண்ட். நீ எடு.

– நானா? நான் என்னன்னு சொல்றது?

– சரின்னு சொல்லு. ஒரே வார்த்தை.

– சரின்னா... போறோம்னா? என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா அண்ணி?

– மக்கு, கொட்டகைக்காரருக்குப் போன வாரமே இல்லைன்னு சொல்லியாச்சு. இது இங்கயே நமக்குப் பூத் கட்டப் போறவரு, நேத்துப் பின்சுவரை அளந்தாரே அவருதான். கட்டடத்துச் சொந்தக்காரர்கிட்ட நான் பேசிட்டேன். நாளைக்கே சுவரை இடிக்கலாமான்னு கேப்பாரு, சரின்னு சொல்லு... சொல்லிட்டு வந்து ஒரு கை பிடி, உன் மேஜையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுவோம். இனிமே நீ உக்காந்த இடத்துலேருந்தே கலர் பாத்துச் சொல்லலாம்.