முதல் தொட்டி

— ஆய்வகச் சாவி காவக்காரர் உங்க இடுப்புலதானே தொங்குது, பெல்காசெம் சித்தப்பா? அப்புறம் யாரு உள்ள வந்தா, ஜின்னு பூதமா?

— இந்த நாத்தத்துக்குள்ள ஜின்னு வருமா, வசீலா? அதுக்கும் மூக்கு இருக்கும்ல.

— கதை விடாதீங்க. ரெண்டு தொட்டிலயும் ஒரே பேரீச்சங்கழிவு, ஒரே கிருமி. தின்னுட்டு ஹைட்ரஜன் விடுது, கூடவே அமிலமும் கழிக்குது. அந்த அமிலத்துலயே மூச்சுமுட்டிப் படுத்துடும். ரெண்டாம் தொட்டில என் வடிகட்டி அமிலத்தை எடுத்துடுது. முதல் தொட்டி ஒப்பிட்டுப் பாக்க வெச்சது, வடிகட்டி கிடையாது, அது அடங்கியிருக்கணும். நாலு வாரமா ரெண்டும் சரிசமமா வாயு விடுது. எப்படி?

— அல்லா குடுக்கிறதை ஏன்னு கேப்பாங்களா?

— வியாழக்கிழமை மூணு மணிக்கு மேலதான் குடுக்கிறாரா? வரைபடத்தைப் பாருங்க, வாராவாரம் அதே நேரத்துல ஏறுது. ஞாயித்துக்கிழமை எனக்கு ஆய்வுப் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. 'வடிகட்டி இல்லாமலே வருதே, எதுக்கு உன் வடிகட்டி?'ன்னு ஒருத்தன் கேட்டா பட்டம் போச்சு. எங்கம்மா பிஸ்க்ரா ஊர்க் கிட்டங்கில பேரீச்சம்பழம் பொறுக்கி விரல் வெடிச்சுப் படிக்கவெச்சா. யாரு உங்களை ஏவிவிட்டா?

— நாக்கை அடக்கு, மகளே, நாக்கை! ...சரி. நாந்தான்.

— என்ன செஞ்சீங்க?

— வெள்ளி, சனி லீவுல பூட்டிக் கிடந்தா முதல் தொட்டி நாத்தம் தாங்க முடியல. நம்ம ஸ்மென் வெண்ணெய் கெட்டுப்போனா அடிக்கிற அதே நாத்தம்தான். வெண்ணெய் ஜாடி புளிச்சா எங்கம்மா ஆட்டாம அசைக்காம தெளியவிடுவா. மேல நிக்கிற புளிச்ச தண்ணியச் சாய்ச்சுட்டு புதுசு ஊத்துவா. நானும் வியாழக்கிழமை பூட்டுறதுக்கு முன்னாடி அதையேதான் செஞ்சேன். தண்ணிக்குப் பதிலா பேரீச்சஞ்சாறு.

— கிருமி?

— வண்டலாட்டம் அடியில உக்காந்திருந்துச்சு. அதை நான் தொடல, அல்லா சாட்சி.

— அமிலம் மட்டும் போயிருக்கு. ஒரு வாளில! மூணு வருஷமா அந்த வடிகட்டியக் கட்டிக்கிட்டு அழறேன் நான்.

— கோவமா?

— கோவந்தான். ஆனா ஞாயித்துக்கிழமை இதைத்தான் சொல்லப்போறேன், உங்க பேரோட. என் வழிகாட்டிப் பேராசிரியர் மூஞ்சியப் பாக்கணும். 'முதல் தொட்டியப் பத்தி வாயே திறக்காதே'ன்னு நேத்து அதட்டினாரு. புதுசா ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருக்காராம், அதையும் என் கண்ணுல காட்டல.

— வசீலா... அது அம்பது லிட்டர் தொட்டி. எனக்கு முதுகு வளையாது.

— அதுக்கென்ன இப்போ?

— வாராவாரம் மறுபக்கம் பிடிச்சுச் சாய்ச்சது உன் பேராசிரியர்தான். எவ்வளவு வடிஞ்சுதுன்னு அளந்து எழுதிக்கிட்டதும் அவருதான்.