மச்சான் பிடித்த கயிறு

பாட்டுக் கேட்பதில் எனக்குப் பெரிய ஆசை கிடையாதுங்க ஐயா. ரோடு போடுற வேலையில சின்ன வயசிலேர்ந்து ஜல்லி சுமந்தவன். சாயங்காலம் கை காலை நீட்டினாப் போதும்னு இருக்கும். எழுத்துகூட முப்பத்தாறு வயசுக்கு மேல முதியோர் பள்ளியில கத்துக்கிட்டதுதான். அதனால இதை என் கையாலயே எழுதுறேன். தப்பிருந்தா பொறுத்துக்கணும்.

எழுபத்தொம்பதுல மெட்ராசிலேர்ந்து நாலு பேர் எங்க மலையூரு நெல்லிவாசலுக்கு வந்தாங்க. கிட்டார், டிரம்ஸ் வெச்சு ராக் பாட்டுப் பாடுறவங்க. தலைவர் பேர் பாண்டுரங்கன். ஸ்டுடியோவில ரெகார்டு முக்கால்வாசி முடிஞ்சிருச்சாம். கடைசிப் பாட்டுக்கு மலைக்காரப் பொம்பளை பாடுற நெஜ ஒப்பாரி வேணும்னாரு. அவங்க பெட்டியெல்லாம் சுமந்தது நான்தான். ஒப்பாரின்னா எங்க பக்கம் என் தங்கச்சி கெங்கம்மாள்தான். கூட்டியாந்தேன்.

அவ டேப்பு மெஷினைப் பார்த்துச் சிரிச்சா. "இன்னாண்ணா, பொணத்தை எங்க வெச்சிருக்கீங்க? இந்தப் பொட்டிக்குள்ளயா?"

சாவு விழாம ஒப்பாரி வாயில வரக்கூடாது. வந்தா வூட்டுல ஒண்ணு போவும்னு எங்க ஜனத்துக்குப் பயம். கெஞ்சிப் பார்த்தேன், அசையல. பாண்டுரங்கன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அர்ச்சுனா, இது மட்டும் கெடைச்சா ரெகார்டு அட்டையில உன் பேரை அச்சடிக்கிறேன்" னாரு. என் பேரை நான் சிலேட்டுல பார்த்திருக்கேன். அச்சுல பார்த்ததில்ல.

மறுநாள் காலையில தங்கச்சி புருசன் சின்னதம்பி தேனெடுக்கப் பாறைக்குப் போனான். கயித்துல தொங்கி எறங்கணும். மேல கயிறு புடிக்கிறது பொண்டாட்டியோட கூடப்பொறந்தவனாத்தான் இருக்கணும். அவன் தன் தங்கச்சியைத் தாலியறுக்க வெக்க மாட்டான்னு ஒரு நம்பிக்கை. நல்ல வழக்கம்தான், நான் கொறை சொல்லல.

தேனீ சத்தமும் வேணும்னு என் பக்கத்துல மெஷினை ஓடவிட்டாங்க. கொட்டிடுமேன்னு பயந்து நாலு பேரும் தூரமாப் போய்ட்டாங்க. பாட்டுப் பாடினாத்தான் மெஷின் புடிக்கும்னு நான் நெனச்சிருந்தேன்.

கீழேர்ந்து சின்னதம்பி, "மச்சான், கயிறு எளகுது" ன்னான்.

"எளகட்டும்" னேன்.

"வெளையாடாத மச்சான், உன் தங்கச்சி களி கிண்டி வெச்சிருப்பா" ன்னு சிரிச்சான்.

விழுந்த பிறகும் உசுரு இருந்துச்சு. பாட்டுக்காரங்க ஜீப்பு கூப்பிடுற தூரத்துலதான் நின்னுச்சு. ஆனா உசுரோட இருக்கிறவனுக்கு யாரு ஒப்பாரி வெப்பாங்க? எறங்கிப்போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். தண்ணி கேட்டான், குடுத்தேன். வேற ஒண்ணும் செய்யல. ரொம்ப நேரம் ஆவல.

சாவு வூட்டு வாசல்ல மெஷினைச் சுமந்து வெச்சதும் நான்தான். கெங்கம்மாள் அன்னிக்குப் பாடின மாதிரி ஒருநாளும் பாடினதில்ல. "கயிறு புடிச்ச அண்ணன் கையி கதறுதம்மா" ன்னு என்னையும் சேர்த்துப் பாடினா. நடுவுல டேப்பு தீர்ந்துபோச்சு. வேற மாட்டினதும், "மொதல்லேர்ந்து பாடும்மா" ன்னு சொன்னேன். பாடினா.

பாண்டுரங்கன் எல்லாத்தையும் போட்டுக் கேட்டாரு. "எளகட்டும்" வந்த எடத்துல என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாரு. "இதுவும் இருக்கட்டும்" னாரு. வேற எதுவும் கேக்கல.

அடுத்த வருஷம் ரெகார்டு சக்கைப்போடு போட்டுச்சு. காலேஜுப் பசங்க பஸ்ஸுல ஒருத்தன் "கயிறு எளகுது" ன்னா, மத்தவனுங்க "எளகட்டும்" னு தாளம் போடுறானுங்களாம். அட்டையில என் பேரு இங்கிலீஷ்ல இருந்துச்சு. எனக்குப் படிக்க வரல. முதியோர் பள்ளி வாத்தியார் பஞ்சாட்சரம்தான் வெரல் வெச்சுக் காட்டினாரு.

புளி விக்கக் கண்ணமங்கலம் போன கெங்கம்மாள் டீக்கடையில அதைக் கேட்டிருக்கா. புருசன் குரலுக்கு நின்னவ, அப்புறம் என் குரலும் வந்ததும், கடைக்காரரை இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கா. அங்கேர்ந்து நேரா உங்க ஸ்டேஷனுக்கு வந்துட்டா.

கயித்தை நான்தான் விட்டேன். முடிச்சு அவுந்துடுச்சுன்னு கயித்து மேல பழி போட மாட்டேன். தூக்குன்னாலும் சரிங்க. என் பொணத்தை மட்டும் தங்கச்சிகிட்டக் குடுத்துடுங்க. நல்லாப் பாடுவா. அண்ணனுக்குப் பாடாம இருக்க மாட்டா.