எமிலிக்கு அஞ்சு நட்சத்திரம்

— அப்பிடி எழுதேலாது மாமி.

— ஏன் ஏலாது? நான் சொல்லுறன், நீ எழுது. “அடி எமிலி, உனக்குப் பிள்ளை குட்டி இருக்கோ” எண்டு துவங்கு.

— இது கம்பஸுக்குப் போற மெயில். அடி, பிடி எண்டெல்லாம் எழுதினா வாசிக்கவே மாட்டினம்.

— எழுதாட்டியும் வாசிக்காத சனம்தானே.

— முதல்லை இருங்கோ. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ மாமி. பிளேன்ரீ ஊத்தட்டோ?

— ரீ குடிக்க வரேல்லை நான். உனக்கு ஒண்டரைக்கு வேலை துவங்குமெண்டு தெரிஞ்சுதான் ஒழுங்கை முழுக்க ஓடி வந்தனான். இப்பவே பன்னிரண்டே முக்கால். எழுது லவீனா.

— தேவராசா மாமா வரேல்லையோ?

— கடலுக்குப் போட்டார். அவர் வந்தா கதைக்க மாட்டார், கையிலை அம்பிட்டதாலை எறிவார். உன்ரை லப்டொப்புக்குத்தான் சேதம்.

— சரி... எழுதுறன். “மதிப்புக்குரிய சர்வதேச மாணவர் உதவிச் சேவைக்கு...”

— என்ன சேவை?

— சர்வதேச மாணவர் உதவிச் சேவை. வேறை நாட்டிலையிருந்து படிக்க வாற பிள்ளையளுக்கு உதவி செய்யிற பகுதி.

— உதவி எண்டதை வெட்டு.

— அது அவையின்ரை பேர் மாமி.

— பேர் வைச்சாப் போதுமோ? என்ரை பிள்ளை பிரகாஸ் அங்கை வெள்ளைக்காரன்ரை நாட்டிலை ஆறு பேர் இருக்கிற வீட்டிலை, பூஞ்சணம் பிடிச்ச சுவரோடை கட்டிலைப் போட்டு, காய்ச்சலும் இருமலுமா அஞ்சு கிழமை கிடந்தவன். கம்பஸுக்குப் போக ஏலாமக் கிடந்ததுக்கு, வரவு காணாது, பேரை வெட்டுவம், பேந்து வீசாவும் இல்லை எண்டு கடிதம் போட்டவங்கள். இவன் அந்த உதவிக்காரியிட்டை மூண்டு தரம் எழுதிக் கேட்டவன். மூண்டு தரம், பிள்ளை.

— ம்.

— என்ன ம்? எழுதுறியோ?

— எழுதுறன் மாமி. கடைசி நாள் எப்ப எண்டு சொன்னவை?

— இண்டைக்கு. அங்கை பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் ஆராவது ஒரு பெரிய ஆள் இவன்ரை கதையைப் பார்த்து ஓம் எண்டு சொல்ல வேணும்.

— இண்டைக்கோ? இப்பவோ வந்து சொல்லுறது... பிரகாசோடை ஒருக்காக் கதைப்பமோ? வட்ஸப்பிலை எடுக்கட்டோ?

— வேண்டாம். படுக்கட்டும். உனக்குத் தேவையானது எல்லாம் என்னட்டை இருக்கு. இந்தா. அவள் எமிலி எழுதினதெல்லாத்தையும் கடையிலை குடுத்து அச்சடிச்சுக் கொண்டு வந்தனான். எனக்கு ஒருக்காத் தமிழிலை வாசி.

— ஏன் இப்ப... நேரம் போகுது மாமி.

— வாசிச்சாத்தானே மறுமொழி எழுதலாம். வாசி.

— “வணக்கம் பிரகாஸ். எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி. உங்கள் நலன் எங்களுக்கு மிகவும் முக்கியம். உடல்நலக் குறைவால் வகுப்புக்கு வர முடியவில்லை என்றால், மருத்துவரின் கடிதத்தை ஐந்து நாட்களுக்குள் படிவத்துடன் இணைக்கவும். அன்புடன், எமிலி.”

— அஞ்சு நாள். டொக்குத்தர் எப்ப பார்க்கிறன் எண்டவர்?

— மூண்டு கிழமைக்குப் பிறகுதானே அவனுக்கு நாள் கிடைச்சது.

— உந்தக் கடதாசியிலை அது கிடக்கோ?

— இல்லை... அங்கை எல்லாருக்கும் அப்பிடித்தான் மாமி. கேள்விப்பட்டிருக்கிறன்.

— சரி. ரெண்டாவதை வாசி.

— “வணக்கம் பிரகாஸ். மருத்துவரின் கடிதம் இல்லாமல் படிவத்தை ஏற்க இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். இக்காலம் உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். கீழேயுள்ள மூச்சுப் பயிற்சிக் காணொளியைப் பாருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.”

— மூச்சு விடேலாம இருமிக்கொண்டு கிடக்கிறவனுக்கு மூச்சுப் பயிற்சி. வடிவா இருக்கு. உதை எழுதேக்குள்ளை அவளுக்குக் கை கூசேல்லையோ? உனக்கு இங்கிலீசு தெரியும், நீ சொல்லு. உதை ஒரு மனுசி யோசிச்சு எழுதினதோ, இல்லாட்டி முதலே எழுதி வைச்சதை எடுத்து ஒட்டினதோ?

— ஒட்டினது.

— எப்பிடிச் சொல்லுறாய்?

— வாசிக்கவே தெரியுது.

— மூண்டாவது.

— மாமி, மணி ஒண்டாகுது.

— மூண்டாவதை வாசி எண்டனான்.

— “வணக்கம் பிரகாஸ். உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டு மூடப்படுகிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் வழங்குவீர்கள்?”

— இதுக்கு முதல் அவன் என்ன எழுதினவன்? மேலை கிடக்கு, பார்.

— “மற்றவை வேலைக்குப் போனாத் தனியா இருக்கப் பயமா இருக்கு. ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. தயவு செய்து ஆராவது ஒரு ஆளோடை என்னைக் கதைக்க விடுங்கோ.”

— அதுக்குத்தான் தீர்ந்தது எண்டு போட்டவள். என்னடி தீர்ந்தது? ஆருக்குத் தீர்ந்தது? பசி தீர்ந்ததோ, காய்ச்சல் தீர்ந்ததோ? நாங்கள் மீனை விக்கிறனாங்கள், பழுதான மீனை ஒரு நாளும் நல்ல மீன் எண்டு சொல்லி விக்கேல்லை. இவள் என்ரை பிள்ளை சாகக் கிடக்கேக்குள்ளை தீர்ந்தது எண்டு எழுதி, அதுக்கு நட்சத்திரமும் கேக்கிறாள்.

— மாமி... ரத்த அழுத்தம் கூடப் போகுது. ஆறுதலாக் கதையுங்கோ.

— ஒரு வரியை விட்டிட்டாய்.

— இல்லையே.

— எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா வரி எண்ணத் தெரியும். கீழை ஒரு சின்ன வரி கிடக்கு. அதை வாசி பிள்ளை.

— “நீங்கள் சாப்பிட்டீங்களா?”

— அதுவும் எடுத்து ஒட்டினதோ? சொல்லு. வெள்ளைக்காரி ஆராவது பைலை மூடிப்போட்டு, சாப்பிட்டியோ எண்டு கேப்பாளோ?

— நல்ல மனம் உள்ள ஆராவது கேட்டிருக்கலாம்.

— நல்ல மனம் உள்ளவள் பைலை மூடாம விட்டிருப்பாள். இது எங்கடை ஆக்கள் கேக்கிறது. கை வழக்கத்திலை வந்து விழுந்தது. லவீனா, நான் உன்னட்டை ஒண்டு கேக்கட்டோ?

— கேளுங்கோ.

— மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிஞ்சு கோயில் வாசலிலை என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டனீ, “மாமி, பிரகாசுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ” எண்டு. ஞாபகம் இருக்கோ?

— கேட்டிருப்பன்...

— எனக்கு அப்ப அவனுக்குக் காய்ச்சல் எண்டே தெரியாது. நான் பயப்பிடுவன் எண்டு மறைச்சவன். தேப்பனுக்குத் தெரியாது. கூடப் படிக்கிற ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம். அந்த எமிலி ஒருத்திக்குத்தான் எழுதினவனாம். உனக்கு ஆர் சொன்னது? தலையைக் குனியாதை. என்னைப் பார்.

— கடதாசியிலை கையெழுத்து வாங்கினவை மாமி. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை. கொம்பியூட்டர் வேலை எண்டுதான் சொன்னனான்.

— என்ன வேலை?

— அந்தக் கம்பஸ், பிள்ளையளுக்கு மறுமொழி எழுதுற வேலையைக் கொழும்பிலை ஒரு கொம்பனியிட்டைக் குடுத்திட்டுது. அவை இஞ்சை எங்களிட்டைக் குடுத்திட்டினம். வீட்டிலை இருந்து எழுதலாம். எங்கடை பேர் போடேலாது, வெள்ளைக்காரப் பேர் தருவினம். சண்டிலிப்பாய்க் கஜானிதான் ஒலிவர். நான்...

— நீ?

— நான்தான் எமிலி மாமி.

— ஒழுங்கைக்கு அங்காலை நான் மீன் வெட்ட, ஒழுங்கைக்கு இஞ்சாலை இருந்து நீ என்ரை பிள்ளைக்கு “வருத்தத்துடன் தெரிவிச்சிருக்கிறாய்”. அவன் எண்டு தெரிஞ்சுதான் எழுதினனீயோ?

— முதல் நாளே தெரியும். தேவராசா பிரகாஸ், குருநகர் எண்டு கிடந்தது.

— தெரிஞ்சுமோ?

— தெரிஞ்ச ஆளின்ரை பைலைத் தொடக்கூடாது, வேறை ஆளிட்டைக் குடுக்க வேணும். குடுத்தா, கஜானிக்கு அவன் ஆரோ எவனோ. நான் வைச்சிருந்தா ஏதும் செய்யலாம் எண்டு நினைச்சன்.

— என்ன செய்தனீ?

— ஒண்டும் செய்யேல்லை.

— ஏன்?

— “மேலை அனுப்பு” எண்டு ஒரு பொத்தான் இருக்கு. அழுத்தினா அங்கை கம்பஸிலை இருக்கிற உண்மையான ஆளிட்டைப் போகும். கிழமைக்கு மூண்டு தரம்தான் அழுத்தலாம். அந்தக் கிழமை மூண்டும் முடிஞ்சுது. ஒரு நேபாளப் பொடியனை வீட்டுக்காரன் சாமானோடை றோட்டிலை விட்டிட்டான். ஒரு பிள்ளை கர்ப்பிணி. மற்றது ஆரெண்டு இப்ப ஞாபகம் இல்லை.

— நாலாந்தரம் அழுத்தினா பொத்தான் வெடிக்குமோ?

— சுப்பவைசர் ஷெரோன் அக்கா எடுத்துப் பேசுவா. புள்ளி குறைப்பினம். எனக்கு முதலே ஒருக்காக் குறைஞ்சது. இன்னொருக்காக் குறைஞ்சா நிப்பாட்டுவினம்.

— அப்ப, பேச்சு வாங்கப் பயந்து மூடினனீ.

— ஓம் மாமி. பயந்துதான்.

— உன்னை மட்டும் பேசி என்ன... அங்கை பெரிய கட்டிடம் கட்டி, வா வா எண்டு கூப்பிட்டு, பிள்ளையளை எடுத்திட்டு, அதுகள் அழுதா மறுமொழி சொல்ல ஒரு ஆள் வைக்க ஏலாம இஞ்சை குருநகரிலை உன்ரை தலையிலை கட்டியிருக்கிறாங்கள். கிழமைக்கு மூண்டு பேர்தான் சாகக் கிடக்கலாமோ? நாலாவது ஆள் அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க வேணுமோ? ஆர் இந்தக் கணக்குப் போட்டவன்?

— எனக்குத் தெரியாது மாமி. நான் அவையை ஒரு நாளும் கண்டதில்லை.

— அவன் உனக்கு நட்சத்திரம் போட்டவனோ?

— அஞ்சு.

— அஞ்சோ?

— அஞ்சும் போட்டவன். அந்த மாசம் எனக்குத்தான் கூட நட்சத்திரம். கொம்பனி வீட்டுக்குக் கேக் அனுப்பினது.

— கேக்...

— நான் சாப்பிடேல்லை மாமி.

— சாப்பிட்டா என்ன, விட்டா என்ன. மணி எத்தினை?

— ஒண்டு இருபத்தெட்டு.

— அப்ப எமிலியைத் திற.

— இப்ப நான் அந்தப் பைலைத் திறந்தா உடனே அவைக்குத் தெரியும்...

— தெரியட்டும். நான் உன்னைக் கையைப் பிடிச்சு அழுத்த வைக்க வரேல்லை. ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லு, எழும்பிப் போறன்.

— இருங்கோ. போகாதையுங்கோ... திறக்குது. இந்தா, அவன்ரை பேர். “தீர்ந்தது” எண்டு பச்சையிலை கிடக்கு.

— அந்தப் பச்சையை அழி.

— அழிக்கிறதுக்குக் காரணம் எழுதச் சொல்லுது.

— எழுது. நான் சொல்ல மாட்டன். நீயா எழுது.

— “இந்த மாணவர்... மூன்று தடவை உதவி கேட்டார். மருத்துவரைப் பார்க்க மூன்று கிழமை சென்றது. கடிதத்துக்கு நாங்கள் கொடுத்தது ஐந்து நாள். ஒரு மனிதரோடு பேச விடுங்கள் என்று கேட்டார். பேச விடவில்லை. எதுவும் தீராமல், தீர்ந்தது என்று மூடியது நான். பிழை அவருடையது இல்லை. என்னுடையது.”

— கீழை எமிலி எண்டு போடுவியோ?

— இல்லை. லவீனா எண்டு போட்டிட்டன்... அழுத்துறன் மாமி.

— அழுத்து.

— அழுத்திட்டன். பாருங்கோ, போன் வருது... ஹலோ. ஓம் அக்கா. இல்லை, பிழையா அழுத்தேல்லை, தெரிஞ்சுதான் அழுத்தினனான்... ஓம், தெரிஞ்ச ஆள்தான். ஒரே ஒழுங்கை... பேர் போட்டது என்ரைதான். எமிலி எண்டு ஒரு ஆள் இல்லைத்தானே அக்கா... நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ, ஆனா அதைத் திருப்பி எடுக்காதையுங்கோ... சரி. வைக்கிறன்.

— என்னவாம்?

— பின்னேரம் கூப்பிடுவினமாம். அது கிடக்கட்டும். பைல் மேலை போயிட்டுது மாமி, இனி ஆரும் மறிக்கேலாது. அஞ்சு மணிக்குள்ளை பார்ப்பினம். பிரகாசுக்குச் சொல்லுங்கோ, போனைக் கிட்ட வைச்சிருக்கட்டும். அங்கை இப்பதான் காலமை ஒம்பது, எழும்பியிருப்பான்... ஏன் மாமி அழுறியள்?

— அவன் அங்கை இல்லை லவீனா. கடைசி நாள் போன மாசமே முடிஞ்சு, பேரை வெட்டி, வீசாவும் போய், வந்து நாலு நாளாகுது. சனம் காணாம விடியப்புறம் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். அஞ்சு மணிக் கதை நான் சொன்ன பொய். நேரை கேட்டா நீ ஒண்டும் தெரியாதெண்டு சொல்லிச் சமாளிப்பாய் எண்டுதான் சொன்னனான். எல்லாம் தன்ரை பிழை, தனக்குத்தான் கேக்கத் தெரியேல்லை எண்டு சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திப்போட்டு உள்ளறையிலை கிடக்கிறான்; தேப்பன் கெஞ்சியும் திறக்கேல்லை. எழும்பு பிள்ளை. இப்ப எழுதினியே கடைசி வரி, அதை அந்தக் கதவடியிலை வந்து நிண்டு, உன்ரை வாயாலை, தமிழிலை சொல்லு.