இவெத் மதாம்மாவின் கடைசிச் சுவர்

செண்பகவல்லி: ...கோடு அவ போட்டது இல்ல. நிறம் மட்டும்தான் அவ குடுத்தது.

தாணு: எப்பிடிச் சொல்லுத? படத்துக்குக் கீழ 'இவெத்'னு மலையாளத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்லா.

செண்பகவல்லி: அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க.

தாணு: நில்லு... "பாரீஸில் ஒரு படக்கதைப் பத்திரிகையில்... பிறர் வரைந்த படங்களுக்கு வண்ணம்..." அட, ஆமா! உனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதே. பின்ன எப்பிடி?

செண்பகவல்லி: அவதான் சொன்னா.

தாணு: அந்த வெள்ளைக்கார மதாம்மாவா? நம்ம மாடியில அத்தன மாசம் வாடகைக்கு இருந்தா. நான் இங்கிலீஷ்ல கேட்டா "எஸ் மிஸ்டர் தாணு, நோ மிஸ்டர் தாணு". அதுக்கு மேல ஒரு வாக்கு வந்தது கெடையாது. உங்கிட்ட எந்தப் பாஷையில சொன்னா?

செண்பகவல்லி: வரைஞ்சு சொன்னா. கலண்டர் தாளு பொறத்த, மாவு பாக்கெட்டு... எது கையில கெடைக்கோ அதுல. நான் தேங்கா திருவிட்டிருப்பேன், அவ அடுக்களைத் தரையில இருந்து வரைவா.

தாணு: கட்டம் கட்டமாவா?

செண்பகவல்லி: கட்டம் கட்டமாத்தான். மொத கட்டத்துல ஒரு இறைச்சிக் கடை. அவ அப்பன் வெட்டிட்டு நிக்கான். மேசைக்கு அடியில ஒரு பிள்ள இருந்து, இறைச்சி பொதியுத தாள்ல படம் போடுது...

தாணு: அது இவ.

செண்பகவல்லி: பெறகு ரயிலு. பெறகு ஒரு பெரிய ஆபீஸு. ஆம்பளயெல்லாம் ஜன்னல் பக்கம் இருந்து கதை வரையான். பொம்பளப் பிள்ளைகளு உள்ள இருட்டுல இருந்து, அவன் வரைஞ்ச சட்டைக்குச் சிவப்பு, ஆகாசத்துக்கு நீலம்னு தேய்க்குதுவ.

தாணு: சம்பளம் கெடைச்சிருக்கும்லா.

செண்பகவல்லி: பேரு கெடைக்கல.

தாணு: செரி, செரி. இஞ்ச வா. இது ஏதோ சண்டக் கதை. குதிரை, துப்பாக்கி... இதுல ஒரு ஆம்பள பேருல்லா இருக்கு. வேற ஆள் படத்தை எதுக்கு இங்க மாட்டி வச்சிருக்கு?

ஷில்பா: அது அவாளோட ஹஸ்பண்ட் பேர், அங்கிள்.

தாணு: நீ யாரு மக்களே?

ஷில்பா: நான் ஷில்பா, இந்த எக்ஸிபிஷன்ல வாலண்டியர். வீடு வலியசாலைலதான். கல்யாணம் ஆறச்சே அவர் பெரிய ஆர்ட்டிஸ்ட். அப்புறம் குடிச்சுக் குடிச்சுக் கை நடுங்க ஆரம்பிச்சுடுத்து. மாசம் பொறந்தா பத்திரிகைக்குப் பக்கம் குடுத்தாகணுமே... இவா வரைஞ்சா. பேர் மட்டும் அவரோடது.

தாணு: எத்தன நாளு?

ஷில்பா: நாளா? வருஷக் கணக்கா அங்கிள். இந்தச் சுவர் முழுக்க அதான். அந்தக் கையெழுத்துகூட இவா போட்டதுதான்.

செண்பகவல்லி: அவன் கையெழுத்த அவ போட்டுக் காட்டுவா. ஒரு சுழி சுழிச்சு. எங்கிட்டப் போட்டுக் காட்டிச் சிரிச்சா... எனக்குச் சிரிப்பு வரல.

ஷில்பா: ஆன்ட்டிக்கு அவாளைத் தெரியுமா?

தாணு: எங்க வீட்டு மாடியிலதான் இருந்தா. ஆரியசாலை. கீழ நம்ம பலசரக்குக் கடை.

ஷில்பா: அதானே! உள்ள வந்ததுலேர்ந்து பாக்கறேன், அங்கிளை எங்கேயோ பாத்திருக்கேனேன்னு.

தாணு: கடைக்கு வந்திருப்ப.

ஷில்பா: இல்லை இல்லை. கடைசிச் சுவர்ல! அவாளோட புதுப் புஸ்தகப் பக்கங்கள்ல அங்கிள் இருக்கேள்! ...ஐயோ, என்னைக் கூப்பிடறா. இப்போ வரேன், கேட்டோ.

செண்பகவல்லி: என்ன, அப்பிடியே நிக்கிய?

தாணு: ஒண்ணும் இல்ல. கடையில ஆளு இல்ல... நாம போவோமா?

செண்பகவல்லி: பாதிதான் பாத்திருக்கு. மதாம்மா நேர்ல வந்து கூப்பிட்டிருக்கா. இப்பம் போனா மரியாத இல்ல.

தாணு: கும்பிட்டாச்சுலா? வாசல்ல வச்சுப் பாத்தாளே.

செண்பகவல்லி: இதப் பாருங்க மொதல்ல. இது மறுபடியும் இறைச்சிக் கடை.

தாணு: ஆமா, இதுல அவ பேருதான் இருக்கு.

செண்பகவல்லி: மொத தடவையா. புருஷன விட்டுட்டு வந்த பெறகு. தலையில நரை விழுந்தாச்சு அப்பம்.

தாணு: இதாரு, அடுப்புப் பக்கம் நின்னுக்கிட்டே தின்னுது?

செண்பகவல்லி: அவ அம்ம. எல்லாரும் தின்னு எந்திரிச்ச பெறகு, நின்ன வாக்குல. அந்தப் பக்கத்துல பாருங்க... அப்பன் கை ஓங்கிட்டு நிக்கான்.

தாணு: அய்ய... சொந்த அப்பனையா?

செண்பகவல்லி: ஊரு கெடந்து கொதிச்சுது. பாரீஸ்ல அதே புஸ்தகத்துக்குப் பரிசு குடுத்தான். அப்பன் கதவச் சாத்திட்டான். சாகுத வரைக்கும் தொறக்கல.

தாணு: அவன் மேல என்ன தப்பு? வீட்டுக்குள்ள நடந்ததத் தெருவுல கொண்டு வச்சா யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு வாக்கு கேட்டுட்டு வரைஞ்சாளா?

செண்பகவல்லி: கேக்கல. அது அவளுக்கும் மனசுல கெடக்கு.

தாணு: பின்ன?

செண்பகவல்லி: அம்மயப் பாக்க ஊருக்குப் போவா. வீட்டுக்குப் போக முடியாது, லாட்ஜுல தங்குவா. அம்ம சர்ச்சுக்குன்னு சொல்லிட்டு வந்து பாத்துட்டுப் போவா. அத வரைஞ்சு காட்டினப்போ நான் அழுதுட்டேன்.

தாணு: எதுக்கு அழுத?

செண்பகவல்லி: எதுக்கா? நம்ம மக சுஜாவ நெனச்சு...

தாணு: எட்டி, அந்தப் பேரு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்லா! அவ யூசுப்புகூட வீட்ட விட்டு எறங்கிப் போன அன்னைக்கே முடிஞ்சு போச்சு. நம்ம வீட்டுல அந்தப் பேரு கேக்கப்பிடாது.

செண்பகவல்லி: இது வீடு இல்லியே.

தாணு: எங்கயும் கேக்கப்பிடாது.

செண்பகவல்லி: செரி. சொல்லல... வாங்க, கடைசிச் சுவரு.

தாணு: கால் வலிக்குன்னு காலம்பற சொன்னியே?

செண்பகவல்லி: இப்பம் வலிக்கல. பாத்தியளா, நம்ம ஆரியசாலை! மூடை எறக்குதான்... நம்ம கடை போர்டு... அய்யோ, அந்தப் பூனையக்கூட விடல.

தாணு: நல்லாருக்கு. நல்லா வரைஞ்சிருக்கா. போவோம்.

செண்பகவல்லி: இது கிழக்கேகோட்டை, பஸ் ஸ்டாண்டு. பெஞ்சுல ஒரு ஆளு இருக்கு...

தாணு: எத்தனயோ ஆளு இருக்கும் அங்க.

செண்பகவல்லி: தோள்ல ஒரு கைப்பிள்ள. அவரு மூக்குக் கண்ணாடியப் பிடிச்சு இழுக்கு. பக்கத்துல பிள்ளைக்க அம்ம நின்னு சிரிக்கா.

தாணு: அது... யாரோ.

செண்பகவல்லி: கோடு போட்ட சட்டை. கழுத்துல துண்டு. காது மேல அந்த மருவுகூட இருக்கு.

தாணு: இவளுக்கு வரைய வேற ஒண்ணும் கெடைக்கலியா? கண்ணுல பட்டதெல்லாம் வரைஞ்சிருவாளா?

செண்பகவல்லி: சொந்த அப்பனையே வரைஞ்சவ. செவ்வாய்க்கெழம தோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கப் போறேன்னு போனது இதுக்குத்தானா?

தாணு: தேங்காயும் ஒடைப்பேன்... எட்டி, நான் என்ன செய்ய? பிள்ள பொறந்திருக்குன்னு போன் போட்டா. ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்னுதான் போனேன். அது எங்கிட்ட வந்து ஒட்டிக்கிட்டு. பெறகு விட முடியல.

செண்பகவல்லி: எங்கிட்டச் சொல்ல என்ன?

தாணு: எந்த வாயால சொல்ல? பேரே சொல்லப்பிடாதுன்னு சத்தம் போட்டது நானுல்லா. நீ கேட்டாச் சிரிப்பியேன்னு... கோவமா?

செண்பகவல்லி: அடுத்த கட்டத்தப் பாருங்க.

தாணு: இது நம்ம மாடி ரூமு. மதாம்மாக்க மேசை. தரையில பாய் போட்டு... இது சுஜா. அவ தலையப் பிடிச்சு எண்ண தேய்க்குதது... நீ! பிள்ள உன் மடியில கெடந்து ஒறங்குது! இது எப்பம்?

செண்பகவல்லி: நீங்க கீழ கடையில இருக்கும்போதுதான்.

தாணு: மதாம்மாவப் பாக்க யாரோ கூட்டாளி வாறா, சாயா போடணும்னு மாடிக்கு ஓடுவியே...

செண்பகவல்லி: ஆமா.

தாணு: அப்பம், நான் போறது உனக்குத் தெரியுமா? மதாம்மாவுக்கு? எல்லாருக்கும் தெரியுமா?

செண்பகவல்லி: செவ்வா உங்களுக்கு, வெள்ளி எனக்குன்னு சுஜாவுக்குப் பிரிச்சுக் குடுத்ததே மதாம்மாதான். போன மாசம் இந்த ரெண்டு கட்டத்தையும் கையில வச்சுக்கிட்டு, மாட்டலாமா, வேண்டாமான்னு எங்கிட்டக் கேட்டா. பக்கத்துல பக்கத்துல மாட்டச் சொன்னது நான்தான்.